ஆலயத்துக்குள் போன கேமரா: மார்மன் சடங்கைத் தொலைக்காட்சியில் காட்டியது சரியா?

லீஹைவாசி:

எல்லாருக்கும் வணக்கம். கொஞ்சம் நீளமான பதிவு, பொறுத்துக்கொள்ளுங்கள்.

நான் யூட்டா மாநிலத்தில் லீஹை என்ற ஊரில் ஒன்பது வருடமாக இருக்கிறேன். எங்கள் தெருவில் முக்கால்வாசி வீடு மார்மன் குடும்பங்கள்தான். அவர்கள் சபையின் முழுப்பெயர் பிற்காலப் பரிசுத்தவான்களின் இயேசு கிறிஸ்து சபை. மார்மன் என்று சொல்லாமல் முழுப்பெயரையே சொல்லுங்கள் என்று 2018-இல் அவர்கள் தலைவர் கேட்டுக்கொண்டார். இங்கே படிப்பவர்களுக்குச் சட்டென்று விளங்க வேண்டும் என்பதற்காகத்தான் பழைய பெயரை எழுதுகிறேன்.

2023-இல் பக்கத்து ஊரான சரட்டோகா ஸ்பிரிங்ஸில் புது ஆலயம் கட்டி முடித்தார்கள். ஆலயத்தைப் பிரதிஷ்டை செய்வதற்கு முன் சில வாரம் யார் வேண்டுமானாலும் உள்ளே போய்ப் பார்க்கலாம். பிரதிஷ்டை ஆகிவிட்டால் அப்புறம் அனுமதிச் சீட்டு வைத்திருக்கும் உறுப்பினர்களுக்கு மட்டும்தான் வழி. பக்கத்து வீட்டு அம்மா எங்களைக் கூட்டிப் போனார். வாசலில் ஒரு பெரியவர் தரையில் மண்டியிட்டு என் மகளின் ஷூவுக்கு மேல் வெள்ளை உறை மாட்டிவிட்டார். பன்னிரண்டு எருதுச் சிலைகள் முதுகில் தாங்கும் ஞானஸ்நானத் தொட்டி, எதிரெதிரே கண்ணாடி வைத்த திருமண அறை, கடைசியில் யாரும் பேசாத ஒரு பெரிய வெளிச்சமான அறை. அங்கே அந்த அம்மா இரண்டு நிமிடம் சும்மா உட்கார்ந்திருந்தார்.

திரும்பும்போது காரில் என் மகள் விடவில்லை. "உள்ளே என்ன செய்வீர்கள்?" என்று கேட்டாள். வெள்ளை உடை உடுத்துவோம், உலகம் படைக்கப்பட்ட கதையைப் பார்ப்போம், ஆதாம் ஏவாளைப் பற்றிக் கேட்போம், கடவுளுக்குச் சில வாக்குறுதிகள் கொடுப்போம் என்று பொறுமையாகச் சொன்னார். "அப்புறம்?" என்றாள். "மிச்சத்தை வெளியே சொல்வதில்லை என்று அங்கேயே வாக்குக் கொடுத்திருக்கிறேன்" என்றார். அவ்வளவுதான். மகளும் விட்டுவிட்டாள்.

இப்போது விஷயத்துக்கு வருகிறேன். போன வாரம் 'பிக் லவ்' என்ற பழைய தொடரைப் பார்க்க ஆரம்பித்தேன். எச்.பி.ஓ.வில் 2006 முதல் 2011 வரை ஓடியது. மூன்று மனைவிகளோடு யூட்டாவில் ஒளிந்து வாழும் ஒருவனின் கதை. (பலதார மணத்தைச் சபை 1890-இல் கைவிட்டுவிட்டது, 1904-இல் இன்னும் கண்டிப்பாகத் தடுத்தது. இன்றைக்கு அப்படி வாழ்பவர்கள் பிரிந்துபோன சிறு குழுக்கள்.) மூன்றாவது சீசனில், 2009 மார்ச் 15 அன்று ஒளிபரப்பான பகுதியில், மூத்த மனைவி பார்ப் ஆலயத்துக்குப் போகிறாள். அவர்கள் 'எண்டவ்மென்ட்' என்று சொல்லும் சடங்கு, உடை, திரை எல்லாம் அப்படியே வருகிறது.

பக்கத்து வீட்டு அம்மா சொல்லாமல் விட்டதையும் என் மகள் கேட்காமல் விட்டதையும் நான் சோபாவில் சாய்ந்துகொண்டு பார்த்துவிட்டேன். மறுநாள் காலை அந்த அம்மா வழக்கம்போல ரொட்டி சுட்டு எடுத்துவந்தார். அவர் முகத்தைப் பார்த்துப் பேச முடியவில்லை.

அன்றைக்கு மார்மன்கள் இதை எதிர்த்தது நியாயம் என்றே எனக்குப் படுகிறது. உங்கள் கருத்து என்ன?

நிழற்படக்காரன்:

தம்பி, உங்கள் மனசு புரிகிறது. ஆனால் நான் பதினெட்டு வருடமாகப் படத்தொகுப்பு மேசையில் உட்கார்ந்திருப்பவன். அந்தப் பக்கத்து நியாயத்தையும் ஒருவர் சொல்ல வேண்டும்.

பார்ப் யார் என்று யோசியுங்கள். மற்ற இரண்டு மனைவிகள் மாதிரி அவள் இல்லை. சபைக்குள் பிறந்து வளர்ந்தவள். புற்றுநோய் வந்து படுத்த பிறகுதான் வீட்டுக்கு இன்னொரு மனைவி வருகிறாள். இப்போது சபை அவளை நீக்கப்போகிறது. போவதற்கு முன் கடைசியாக ஒரு தடவை ஆலயத்துக்குப் போய்விட வேண்டும் என்று தவிக்கிறாள். அவளுக்கு எது பறிபோகிறது என்று காட்டாமல் 'சபைநீக்கம்' என்று ஒரு வார்த்தையில் முடித்தால் பார்க்கிறவனுக்கு அது ஆபீஸ் கடிதம் மாதிரிதான் இருக்கும். அந்தக் காட்சியில் நக்கல் இல்லை. பார்பாக நடித்த ஜீன் டிரிபிள்ஹார்ன் அழுவதில் பொய் இல்லை. சபையிலிருந்து விலகிய ஒருவரைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு, உடையும் வார்த்தையும் பிசகாமல் எடுத்ததாகத் தயாரிப்பாளர்கள் மார்க் ஓல்சனும் வில் ஷெஃபரும் அப்போதே சொன்னார்கள். தப்பும் தவறுமாகக் காட்டியிருந்தால் அதுதானே அவமதிப்பு?

லீஹைவாசி:

அண்ணா, நீங்கள் சொல்வது காட்சிக்குப் பொருந்தும். ஆனால் ஒளிபரப்புக்கு முன்னாலேயே டிவி கைடு பத்திரிகையில் அந்த நடிகை ஆலய உடையில் இருக்கும் படம் வந்துவிட்டது. கொந்தளிப்பே அங்கேதான் ஆரம்பித்தது. பத்திரிகைப் படத்தில் பார்ப்புடைய வலியும் இல்லை, கதையும் இல்லை. 'இதுவரை யாரும் பார்க்காததை ஞாயிற்றுக்கிழமை பாருங்கள்' என்று கூப்பிடும் தூண்டில்தான் இருக்கிறது. கதைக்குத் தேவை என்பதை ஒப்புக்கொள்கிறேன். விளம்பரத்துக்கும் அது தேவையா?

இன்னொன்று. பிசகாமல் எடுத்ததுதான் எனக்கு உறுத்துகிறது. தப்பாகக் காட்டியிருந்தால் "இது எங்களுடையது இல்லை" என்று அந்த அம்மாவால் சொல்லிவிட முடியும்.

மாலதி டொராண்டோ:

இரண்டு பேரும் நன்றாக எழுதியிருக்கிறீர்கள். அந்தச் சமயத்தில் இந்தச் செய்தியைத் தொடர்ந்து படித்தவள் என்பதால் சில விவரங்கள்.

எச்.பி.ஓ. ஒளிபரப்புக்கு முன்பே மன்னிப்புக் கேட்டது. அவமதிக்கும் எண்ணம் இல்லை, மனம் புண்பட்டிருந்தால் வருந்துகிறோம் என்று. ஆனால் காட்சியை எடுக்கவில்லை. சபைக்கு உறுத்தியது இன்னொரு விஷயம்: 2006-இல் தொடர் ஆரம்பித்தபோது இது மார்மன்களைப் பற்றிய தொடராக இருக்காது என்று எச்.பி.ஓ. உறுதி கொடுத்திருந்தது. மூன்று வருடத்தில் கேமரா அவர்கள் ஆலயத்துக்கே போய்விட்டது.

சபை என்ன செய்தது என்பதுதான் எனக்கு முக்கியம். ஏராளமான உறுப்பினர்கள் சந்தாவை ரத்து செய்வோம், புறக்கணிப்போம் என்று மின்னஞ்சல் அனுப்பிக்கொண்டிருந்தார்கள். சபை மார்ச் 9 அன்று ஒரு நீண்ட அறிக்கை வெளியிட்டது. எங்கள் புனிதச் செயல்களைத் திரித்தோ சூழல் இல்லாமலோ காட்டினால் மனம் புண்படத்தான் செய்யும் என்று வெளிப்படையாகச் சொன்னார்கள். ஆனால் சபை என்ற முறையில் புறக்கணிப்புக்கு அழைப்பு விடமாட்டோம், அப்படிச் செய்தால் ஊடகங்களுக்குப் பிடித்த சர்ச்சை உண்டாகி அந்தத் தொடருக்குத்தான் பார்வையாளர் கூடுவார்கள், தனிப்பட்ட உறுப்பினர் என்ன செய்வது என்பது அவரவர் விருப்பம் என்றும் எழுதினார்கள்.

'சவுத் பார்க்' என்ற கார்ட்டூன் தொடர் 2003-இல் அவர்கள் வரலாற்றைக் கிண்டல் செய்தபோதும் இதே வழிதான். அந்தத் தொடரை எடுத்த அதே ஆட்கள் 2011-இல் பிராட்வேயில், சபையின் வேதநூலான 'மார்மன் புஸ்தகம்' என்ற பெயரிலேயே இசை நாடகம் போட்டார்கள். அப்புறம் அந்த நாடகத்துக்கு அரங்கில் கொடுக்கும் கையேட்டிலேயே சபை விளம்பரம் கொடுத்தது, நாடகம் பார்த்தாயிற்று, இனி புத்தகத்தையும் படியுங்கள் என்று. எதிர்ப்பு என்றாலே பேருந்துக் கண்ணாடி உடைவதைப் பார்த்து வளர்ந்த எனக்கு அது பெரிய ஆச்சரியமாக இருந்தது. புண்பட்டோம் என்று சொன்னார்கள், யாரையும் புண்படுத்தவில்லை.

பழங்காகிதம்:

மாலதி அம்மா சொன்ன இந்தக் குணம் 2009-இல் திடீரென்று வந்ததில்லை. இதற்கு நூறு வருடத்துக்கு முந்தைய கதை ஒன்று இருக்கிறது. எனக்கு மிகவும் பிடித்த கதை, அதனால் விவரமாக எழுதுகிறேன்.

சால்ட் லேக் சிட்டியின் பெரிய ஆலயம் 1853-இல் தொடங்கி, நாற்பது வருடம் கல் கல்லாகக் கட்டி, 1893 ஏப்ரல் 6 அன்று பிரதிஷ்டை செய்யப்பட்டது. அன்றிலிருந்து வெளியாள் யாரும் உள்ளே போனதில்லை. 1911 கோடையில் பராமரிப்புக்காக ஆலயம் மூடியிருந்தது. கிஸ்பர்ட் போசார்ட் என்ற ஜெர்மானிய இளைஞன், சபையில் சேர்ந்து பிறகு கசந்துபோனவன், ஆலயத் தோட்டக்காரரின் உதவியோடு உள்ளே நுழைந்து அறை அறையாகப் படம் எடுத்துவிட்டான். அந்தப் படங்களை எடுத்துக்கொண்டு மேக்ஸ் ஃப்ளாரன்ஸ் என்ற சினிமாக் கொட்டகைக்காரர் நியூயார்க் போனார். அங்கிருந்து சபைக்குக் கடிதம்: 1,00,000 டாலர் கொடுங்கள், இல்லையென்றால் ஊர் முழுக்கக் காட்டுவேன்.

1911-இல் ஒரு லட்சம் டாலர் எவ்வளவு பெரிய தொகை என்று யோசித்துப் பாருங்கள். சபைத் தலைவர் ஜோசப் எஃப். ஸ்மித், திருடர்களோடும் திருட்டுச் சரக்கை விற்பவர்களோடும் பேரம் பேச மாட்டேன் என்று மறுத்துவிட்டார். கோபத்தில் இன்னும் பத்துப் பூட்டுப் போட்டிருக்கலாம். ஜேம்ஸ் டால்மேஜ் என்பவர் வேறு யோசனை சொன்னார்: நாமே நல்ல படங்களாக எடுத்து, விளக்கத்தோடு புத்தகமாகப் போட்டுவிடுவோம். சபை ஒப்புக்கொண்டது. 'ஆண்டவரின் இல்லம்' என்ற பொருள் வரும் தலைப்பில் 1912-இல் புத்தகம் வந்தது. சாதாரண உறுப்பினரே நுழைய முடியாத மகா பரிசுத்த அறையின் படம்கூட முதல் பதிப்பில் இருந்தது. ஃப்ளாரன்ஸ் கையில் இருந்த சரக்குக்கு விலையே இல்லாமல் போயிற்று.

ஆனால் ஒன்று கவனியுங்கள். அறைகளைக் காட்டினார்கள். நாற்காலி, சரவிளக்கு, சுவர் ஓவியம் எல்லாம் இருந்தது. ஆள் இல்லை. சடங்கு நடக்கும்போது எடுத்த படம் ஒன்றுகூட இல்லை. கட்டடம் உலகத்துக்கு, வாக்குறுதி உள்ளே போனவருக்கு. லீஹைவாசியின் மகளுக்கு அந்த அம்மா காரில் சொன்ன பதிலும் அதே இடத்தில்தானே நிற்கிறது?

செல்வி டென்வர்:

எல்லாரும் ஒரே பக்கம் சாய்கிறீர்கள். அந்தக் கதவுக்கு வெளியே நின்றவர்களைப் பற்றி யாரும் பேசவில்லை.

என்னோடு வேலை செய்யும் பெண்ணுக்கு ஆலயத்தில் திருமணம் நடந்தது. அவளுடைய அம்மா சபை உறுப்பினர் இல்லை. பெற்ற மகளின் கல்யாணத்தைப் பார்க்க அவருக்கு அனுமதி கிடையாது. பூச்செடிகளுக்குப் பக்கத்தில் ஒரு பெஞ்சில் கைப்பையை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாராம். கதவு திறந்து மகள் வெளியே வந்தபோது எல்லாரும் கை தட்டினார்களாம், அந்த அம்மாவும் தட்டினாராம். இதைச் சொல்லும்போது அவள் அழுதாள், கல்யாணம் ஆகி இருபது வருடம் கழித்து. முதலில் வெளியே பதிவுத் திருமணம் செய்துகொண்டால் ஆலயத் திருமணத்துக்கு ஒரு வருடம் காத்திருக்க வேண்டும் என்று அமெரிக்காவில் விதி இருந்தது. அதனால் இரண்டையும் அடுத்தடுத்து வைத்துக்கொள்ள வழியில்லை. 2019 மே மாதம்தான் அந்த விதியை எடுத்தார்கள். அவளுக்கு அது பயன்படவில்லை.

இன்னொன்றும் சொல்கிறேன். ரகசியத்தை வெளியிடுவதைவிட உயிரை விடுவோம் என்று சைகையால் காட்டும் ஒரு பகுதி அந்தச் சடங்கில் 1990 வரை இருந்தது. இருபது வயதில் அதைச் செய்துவிட்டுப் பயந்துபோனவர்கள் இன்னும் உயிரோடு இருக்கிறார்கள். தனக்கு நடந்ததைச் சொல்ல அவர்களுக்கு உரிமை இல்லையா? 'பிக் லவ்' எழுத்தாளர்களில் ஒருவரான டஸ்டின் லான்ஸ் பிளாக் மார்மன் வீட்டில் வளர்ந்தவர். அது அவருடைய பிள்ளைப்பருவமும்தான். சபைக்குள் இருப்பவருக்குப் புனிதம் என்றால் சபையை விட்டு வந்தவருக்கு அது காயம். இரண்டும் ஒரே அறையில் நடந்தவை.

லீஹைவாசி:

செல்வி அக்கா, அந்த பெஞ்சைப் பற்றி நீங்கள் எழுதியதை இரண்டு முறை படித்தேன். நான் இதுவரை அந்தப் பக்கமாக யோசிக்கவே இல்லை. விலகியவர் தன் கதையைச் சொல்லட்டும், எழுதட்டும். அவர் வாயை மூட யாருக்கும் உரிமை இல்லை. ஒருவர் "எனக்கு இப்படி நடந்தது, பயந்தேன்" என்று சொல்வதில் அவர் முகம் இருக்கிறது, பொறுப்பும் இருக்கிறது. அந்த உடையைத் தைத்து நடிகைக்குப் போட்டு விளக்கு வைத்துப் படம் பிடிப்பது அதே காரியம்தானா என்பதில்தான் எனக்குத் தடுமாற்றம்.

வழக்காடி:

சுருக்கமாகச் சட்டப் பக்கம் மட்டும். அமெரிக்காவில் இதற்குத் தடை வாங்க வழியே இல்லை. 1951-இல் ஓர் இத்தாலியப் படம் தெய்வ நிந்தனை என்று நியூயார்க் மாநிலம் அதன் உரிமத்தை ரத்து செய்தது. பர்ஸ்டின் எதிர் வில்சன் என்ற அந்த வழக்கில், தெய்வ நிந்தனை என்ற காரணத்துக்காகப் படத்தைத் தடுக்க அரசுக்கு அதிகாரம் இல்லை என்று 1952-இல் உச்ச நீதிமன்றம் தீர்ப்புச் சொல்லிவிட்டது. மத உணர்வைப் புண்படுத்துவதைக் குற்றமாக்கும் நம் ஊர் 295ஏ பிரிவை (2024 முதல் புதிய சட்டத்தில் 299) மனதில் வைத்துக்கொண்டு இந்த விஷயத்தைப் பேசினால் குழப்பம்தான் வரும். 2009-இல் மார்மன்கள் எழுப்பியது சட்டக் கோரிக்கை அல்ல. 'இதைச் செய்யாதீர்கள்' என்று சக மனிதனிடம் வைத்த வேண்டுகோள்.

தாவீது சென்னை:

இந்த இழையை மூன்று நாளாகப் படித்துக்கொண்டிருக்கிறேன். எழுதலாமா வேண்டாமா என்று தயங்கினேன். நான் அந்தச் சபை உறுப்பினன். சென்னையில் பிறந்தவன். தமிழ்நாட்டில் நாங்கள் கொஞ்சம் பேர்தான், பெரும்பாலானவர்களுக்கு நாங்கள் இருப்பதே தெரியாது.

பெங்களூரில் ஆலயம் கட்டுவோம் என்று 2018-இல்தான் அறிவித்தார்கள். என் சிறுவயதில் எங்களுக்கு ஆலயம் என்றால் ஹாங்காங். அப்பா அச்சகத்தில் வேலை பார்த்தார். நாலு பேருக்கு விமான டிக்கெட், பாஸ்போர்ட், தங்கும் செலவு. நாலரை வருடம் சேர்த்தார். வீட்டில் அந்தப் பணத்துக்கென்று தனியாக ஒரு ஹார்லிக்ஸ் பாட்டில் இருந்தது. தங்கையின் காது கம்மல்கூட ஒரு மாதம் அடகுக் கடையில் இருந்தது, ஆனால் அந்தப் பாட்டிலைத் தொடவில்லை. அம்மா தி. நகரில் வெள்ளைத் துணி எடுத்து எங்களுக்குத் தானே தைத்தார். எனக்குச் சட்டைக் கை நீளமாகிவிட்டது என்று புறப்படுவதற்கு முந்தின ராத்திரி பிரித்து மறுபடி தைத்துக்கொண்டிருந்தார். அதுதான் அவர் முதல் விமானப் பயணம்.

அங்கே நாங்கள் குடும்பமாக முத்திரிக்கப்பட்டோம். மரணத்துக்குப் பிறகும் பிரியாத குடும்பம் என்று அர்த்தம். முழங்காலிட்டு ஒருவர் கையை ஒருவர் பிடித்திருந்தோம். கண்ணாடியில் எங்கள் நாலு பேர் உருவமும் போய்க்கொண்டே இருந்தது. இதற்கு மேல் நான் சொல்ல மாட்டேன், மன்னிக்கவும்.

கல்லூரி விடுதியில் இரண்டாம் ஆண்டு. அறைத்தோழன் ஒருவன் இணையத்தில் அந்த 'பிக் லவ்' காட்சியைக் கண்டுபிடித்துவிட்டான். ஏழெட்டுப் பேர் ஒரு மடிக்கணினியைச் சுற்றி. நடிகை அந்த உடையில் நிற்கும் இடத்தில் நிறுத்தி வைத்துவிட்டு என்னைக் கூப்பிட்டான். "டேய், உங்க அம்மாவும் இப்படித்தான் போட்டுக்குவாங்களா?" என்று கேட்டான். கெட்டவன் இல்லை அவன், என் தங்கை கல்யாணத்துக்கு வந்து பந்தி பரிமாறியவன். விளையாட்டாகக் கேட்டான். எனக்கு அந்தத் திரையில் நடிகை தெரியவில்லை. விளக்கு வெளிச்சத்தில் என் சட்டைக் கையைப் பிரித்துத் தைத்த அம்மாதான் தெரிந்தார்.

நிழற்படக்காரன் அண்ணன் சொன்ன மாதிரி பார்ப் அழுவது உண்மையாகவே இருக்கலாம். ஆனால் அந்த விடுதி அறையில் அவள் ஏன் அழுதாள் என்று யாருக்கும் தெரியாது. ஒன்றரை நிமிடத் துண்டுதான் ஓடியது.

செல்வி அக்கா சொன்னதும் உண்மை. அந்த மாதிரி வெளியே காத்திருந்தவர்கள் எங்கள் உறவிலும் உண்டு. அதை நான் மறைக்கவில்லை. தடை கேட்கவும் இல்லை. எங்களிடம் கேட்டிருக்கலாம் என்றுதான் வருத்தம்.

செல்வி டென்வர்:

தாவீது, நீங்கள் எழுதியது நல்லது. அம்மா நலமா? நான் சொன்னதை நான் திரும்பப் பெறவில்லை. ஆனால் அந்த மடிக்கணினி விஷயத்தை என் தோழியும் ஏற்க மாட்டாள். தன் காயம் துண்டு துண்டாக விளையாட்டுப் பொருளாவதை அவளும்தான் வெறுப்பாள்.

மாலதி டொராண்டோ:

துண்டு என்று தாவீது சொன்னதால் உடை பற்றி ஒரு தகவல். அவர்கள் அன்றாடம் உள்ளே அணியும் வெள்ளை வஸ்திரத்தை 'மந்திர உள்ளாடை' என்று கேலி செய்வது அமெரிக்கத் தொலைக்காட்சியில் வெகுநாள் வழக்கம். 2014 அக்டோபரில் சபையே ஒரு சிறு காணொளி வெளியிட்டது. அந்த உடைகளை வெளிப்படையாகக் காட்டி, இதில் மந்திரம் ஒன்றும் இல்லை, கன்னியாஸ்திரியின் அங்கி, யூதரின் ஜெபச் சால்வை, புத்த பிக்குவின் காவி மாதிரிதான் எங்களுக்கு இது, அந்த மரியாதையோடு பேசுங்கள் என்று கேட்டார்கள். பழங்காகிதம் சொன்ன 1912 வழியேதான் இதுவும்.

அப்படியும் நிற்கவில்லை. 2022-இல் எஃப்.எக்ஸ். வெளியிட்ட 'அண்டர் த பேனர் ஆஃப் ஹெவன்' தொடரிலும் ஆலயச் சடங்கு வருகிறது. அதை உருவாக்கியவரும் செல்வி குறிப்பிட்ட அதே டஸ்டின் லான்ஸ் பிளாக்தான். 1984 ஜூலை 24 அன்று லீஹைக்குப் பக்கத்து ஊரான அமெரிக்கன் ஃபோர்க்கில் ஒரு இளம் தாயையும் அவள் கைக்குழந்தையையும் கணவனின் அண்ணன்மார் இருவர் கொன்ற உண்மைச் சம்பவம். கொலை செய்தவர்கள் அதற்கு முன்பே சபையிலிருந்து நீக்கப்பட்டவர்கள். என்னைக் கேட்டால் 'பிக் லவ்'வைவிட இது அதிகம் வலிக்கிற காரியம். அங்கே ஒரு பெண்ணின் இழப்பைச் சொல்லச் சடங்கைக் காட்டினார்கள். இங்கே கொலைக் கதைக்கு நடுவே சடங்கு வருவதால் பார்க்கிறவர் மனசு தானாகவே இரண்டையும் முடிச்சுப் போட்டுவிடும்.

நிழற்படக்காரன்:

தாவீது தம்பி, உங்கள் பதிவைப் படித்த பிறகு ஒரு பழைய ஞாபகம்.

நான் உதவியாளனாக இருந்த காலத்தில் ஒரு கல்யாணக் காட்சி. மணமேடை, ஹோமம், மேளம் எல்லாம் தயார். மாப்பிள்ளையாக நடித்தவர் தாலி கட்ட வேண்டும். மாமியார் வேடத்தில் இருந்த மூத்த நடிகை இயக்குநரைத் தனியாகக் கூப்பிட்டு, "மூணாவது முடிச்சைப் போட வேண்டாம்னு சொல்லுங்க" என்றார். கேமராவில் பின்கழுத்து தெரியப்போவதே இல்லை. போட்டாலும் போடாவிட்டாலும் காட்சி ஒன்றுதான். இயக்குநர் மறுபேச்சுப் பேசவில்லை. இரண்டு முடிச்சோடு கையை எடுத்துவிட்டார். தொகுப்பு மேசையில் நான்தான் அதை வெட்டினேன். மலர் தூவுகிறவர்கள் முகத்துக்குப் போய்விட்டேன். பார்த்தவர்கள் யாருக்கும் குறை தெரியவில்லை.

அந்த மூன்றாவது முடிச்சு எங்கே என்று தெரிந்த ஒருவர் 'பிக் லவ்' படப்பிடிப்பில் இருந்திருக்கிறார். ஆனால் அவரை வைத்துக்கொண்டது முடிச்சைச் சரியாகப் போடுவதற்கு.

பார்ப்பை நான் எப்படித் தொகுத்திருப்பேன் என்று இரண்டு நாளாக யோசிக்கிறேன். உடைப்பையைத் தூக்கிக்கொண்டு படி ஏறுகிறாள். வாசலில் சீட்டை நீட்டுகிறாள், அந்தப் பெரியவர் பார்த்துவிட்டுத் தலையசைக்கிறார். கதவு மூடுகிறது. அடுத்து அவள் வெளியே வரும் முகம். காரில் அம்மாவோடு பேசாமல் உட்கார்ந்திருப்பது. எனக்கு அது போதும் என்று தோன்றுகிறது. போதாது என்று சொல்கிற இயக்குநரும் இருப்பார், அவரோடு நான் வாதாடவும் மாட்டேன். ஆனால் முதல் பதிவில் எழுதியதை இப்போது அதே உறுதியோடு எழுத மாட்டேன்.

தாவீது சென்னை:

அண்ணா, நன்றி. வேறு சொல்லத் தெரியவில்லை. செல்வி அக்கா, அம்மா நலம். முழங்கால் வலிதான். பெங்களூர் ஆலயத்துக்கு ரயிலிலேயே போய்விடலாம் என்று சொல்லிக்கொண்டிருக்கிறார்.

லீஹைவாசி:

நேற்று சாயங்காலம் பக்கத்து வீட்டுக்குப் போய்ச் சொல்லிவிட்டேன். ஒரு தொடரில் உங்கள் ஆலயச் சடங்கைப் பார்த்துவிட்டேன், தெரியாமல்தான் பார்க்க ஆரம்பித்தேன், ஆனால் பாதியில் தெரிந்த பிறகும் நிறுத்தவில்லை என்று.

அந்த அம்மா கொஞ்ச நேரம் ஒன்றும் சொல்லவில்லை. மேசை மேலிருந்த மாவைத் துடைத்துக்கொண்டிருந்தார். அந்தத் தொடரை அவர் பார்த்ததில்லையாம், 2009-இல் பார்க்க வேண்டாம் என்று முடிவு செய்தாராம். அப்புறம் "அந்தப் பெண் எதற்காக ஆலயத்துக்குப் போகிறாள்?" என்று கேட்டார். பார்ப்பின் கதையைச் சொன்னேன். நோய், இரண்டாவது மனைவி, சபைநீக்கம், கடைசியாக ஒரு தடவை போய்விட வேண்டும் என்ற தவிப்பு எல்லாம். கை துடைப்பதை நிறுத்திவிட்டுக் கேட்டார். "அப்புறம் அவளைத் திரும்பச் சேர்த்துக்கொண்டார்களா?" என்றார்.

நான் இன்னும் கடைசி சீசன் பார்க்கவில்லை என்று சொன்னேன்.

கிளம்பும்போது இன்னொரு விஷயம் சொன்னார். சால்ட் லேக் ஆலயத்தை 2019 டிசம்பரில் புதுப்பிக்க மூடினார்கள் அல்லவா, அதை 2027 ஏப்ரல் முதல் அக்டோபர் வரை பொதுமக்களுக்குத் திறந்துவைக்கப் போகிறார்கள். பழங்காகிதம் சொன்ன அதே ஆலயம். 1893-க்குப் பிறகு முதல் தடவை. நாங்களும் வருகிறோமா என்று கேட்டார். நாலு பேர் என்று சொல்லியிருக்கிறேன்.